வலது காதுக்குப் பின்னால்

ஜெரோம் விழுந்தபோது அவன் கையில் தோசைத்திருப்பி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, 2061 ஆகஸ்ட் ஏழாம் தேதி. காலைப் பூசைக்குப் போய்விட்டு வந்து, “இன்னைக்கு நான் ஊத்தறேன், நீ உக்காரு” என்று மனைவியை அடுப்படியிலிருந்து விரட்டியிருந்தான். மூன்றாவது தோசை கல்லில் இருக்கும்போதே சரிந்தான். ஷெரின் ஓடிவந்து முதலில் அடுப்பை அணைத்தாள். அந்த ஒரு நொடியை அவளால் பிற்பாடு வெகுநாள் மன்னிக்க முடியவில்லை.

ஜெரோம் பொன்மலைப் பணிமனையில் வெல்டர். விழுவதற்கு இரண்டு வருடம் முன்பு ஒரு பைக் விபத்தில் அவன் மூளையின் ஒரு பகுதி கெட்டுப்போனது. அப்போதெல்லாம் அதற்கு வழி வந்துவிட்டிருந்தது. துலங்கல் என்ற நிறுவனம் செய்த கருவியைத் தலைக்குள் பொருத்துவார்கள். மக்கள் அதைத் ‘துணை’ என்றார்கள். ஒவ்வொரு காதுக்குப் பின்னாலும் தோலுக்கடியில் நகமளவு ஒரு டிரைவ். கெட்ட பகுதி செய்ய வேண்டிய வேலையையும் நினைவுகளையும் இரண்டு டிரைவும் ஒரே சமயத்தில் சுமக்கும். ஒன்று பழுதானால் மற்றது பார்த்துக்கொள்ளும். துலங்கலின் விளம்பரமே அதுதான்: ‘ஒன்றுக்கு இரண்டு.’

ஜெரோமுக்கு இடது டிரைவ் பழுதாகியிருந்தது. வலது பார்த்துக்கொள்ளவில்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவில் துலங்கலின் ஆட்கள் இரண்டு பேர் வந்து ஒரு டேப்லெட்டை அவன் தலையருகே பிடித்தார்கள். பச்சை நிறத்தில் ஒரு டிக் வந்தது.

“வலது டிரைவ் சரியா இருக்கும்மா. எல்லாம் அப்படியே இருக்கு. மூளைதான் ஒத்துழைக்க மாட்டேங்குது” என்றார்கள்.

பதினோரு நாள் கிடந்தான். ஷெரின் தினமும் அவன் காதோரம் உட்கார்ந்து பேசினாள். பதினெட்டாம் தேதி நுரையீரலில் நீர் கோத்து இறந்துபோனான். உடைமைகளோடு துணையையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தார்கள்.

ஷெரின் அரசு மருத்துவமனையில் கருவித் தொழில்நுட்பர். மூச்சுக்கருவி, ஸ்கேன், துணை எல்லாம் அவள் கையில்தான் பழுது பார்க்கப்படும். அந்த உறையைப் பிரிக்க அவளுக்கு நாலு மாதம் ஆயிற்று. பிரித்த பிறகு அதைக் கீழே வைக்கவில்லை. வேலை முடிந்து வந்ததும் சாப்பாட்டு மேசையில் வலது டிரைவை மாட்டி, துலங்கலின் பச்சை டிக்கை நம்பாமல், அதில் இருப்பதை முதல் எழுத்திலிருந்து படிக்கத் தொடங்கினாள். ஒன்றரை வருடம் படித்தாள். ஒரு நாள் நரம்பியல் மருத்துவர் நரேனின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

“டாக்டர், ஜெரோமோட வலது டிரைவ்ல எல்லாம் இருக்கு. விழுந்த அன்னைக்குக் காலையில பாடின பாட்டு வரைக்கும்.”

“ரெண்டும் நகல்தானே. இருக்கும்தானே?”

“இருக்கு. ஆனா எழுந்திருக்கறதுக்குன்னு ஒரு சின்னத் துண்டு வேணும். பூட் பகுதின்னு சொல்லுவோம். ஒரு டிரைவ் போனா கருவி நின்னு திரும்ப ஆரம்பிக்கும், அப்ப முதல்ல அதைத்தான் தேடும். ரெண்டு டிரைவ் இருக்கு, ஒண்ணு இன்னொண்ணோட நகல்னு கருவிக்குச் சொல்லித் தர்றதே அந்தத் துண்டுதான். அதனால அது நகலுக்கு வெளியில இருக்கணும். தானா நகல் ஆகாது. ஒவ்வொரு டிரைவ்லயும் ஆள் உக்காந்து தனியா எழுதணும்.”

“எழுதலையா?”

“இடதுல எழுதியிருக்காங்க. வலதுல அந்த இடம் முழுக்கப் பூஜ்யம்.”

நரேன் கண்ணாடியைக் கழற்றினார். “அப்ப அந்த டிக்?”

“அவங்க சோதனை இடது டிரைவை மட்டும் பார்க்குது. அங்க பூட் பகுதி இருந்தா, ரெண்டும் நகல்தானேன்னு வலதுக்கும் சேர்த்து ‘சரி’ போட்டுடுது. பொருத்துன அன்னைக்குப் போட்ட டிக்கைத்தான் அன்னைக்கும் காட்டுச்சு.”

“அந்தப் பதினோரு நாளும்...”

“முழுசா இருந்தார் டாக்டர். எங்கிருந்து ஆரம்பிக்கணும்னுதான் தெரியல. அந்தத் துண்டை எழுத நாலு நிமிஷம் ஆகும்.”

நரேன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அவள் அழவில்லை என்பதைக் கவனித்தார். அதன் பிறகு இருவரும் சேர்ந்து, நோயாளிகளிடம் எழுதி வாங்கிக்கொண்டு, அறுபத்து மூன்று பேரின் துணையைப் படித்தார்கள். அறுபத்து மூன்றிலும் வலது டிரைவ் வெறுமையாக இருந்தது. தமிழ்நாடு முழுக்கப் பதினோராயிரம் பேர் துணை போட்டிருந்தார்கள். ஜெரோமுக்குப் பிறகு அவனைப் போலவே நாற்பத்தொரு பேர் எழுந்திருக்காமல் போயிருந்தார்கள்.

எழுதும் கருவி ஒன்றை ஷெரினே செய்துவிட்டாள். கட்டைவிரல் அளவு. ஆனால் நிறுவனத்தின் அனுமதியில்லாமல் ஒருவருடைய துணையில் ஓர் எழுத்துகூட எழுதக் கூடாது என்பது சட்டம். துலங்கல் அனுமதி தரவில்லை. ‘எங்கள் சோதனையில் இரண்டு டிரைவும் சரியாகவே உள்ளன’ என்று ஒரே வரியில் பதில் அனுப்பியது.

அந்தப் பதிலுக்குக் கீழே கையெழுத்துப் போட்டிருந்தவர் பிரணவ், நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர். ஐம்பத்தைந்து வயது. அவரும் துணை போட்டவர். விளம்பரங்களில் வலது காதை மடக்கித் தழும்பைக் காட்டி, “நானும் இதைத்தான் போட்டிருக்கேன்” என்று சிரிப்பார். மருத்துவமனை வராந்தாவிலேயே அந்தப் படம் ஒட்டியிருந்தது. ஷெரின் தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போனாள். கிழிக்கவில்லை. பார்த்துக்கொண்டே போனாள்.

நாற்பத்திரண்டு குடும்பங்கள் சேர்ந்து மனு கொடுத்ததில் அரசு ஒரு விசாரணை ஆணையம் அமைத்தது. ஓய்வுபெற்ற நீதிபதி கீர்த்தனா தலைவர். திருச்சி சுற்றுலா மாளிகையின் பெரிய கூடத்தில் விசாரணை நடந்தது. ஆறு அமர்வுகள் இரண்டு தரப்பு நிபுணர்களும் மாறி மாறிப் பேசியதில் யாருக்கும் எதுவும் புரியவில்லை. ஏழாவது அமர்வில் ஷெரின் எழுந்து நின்றாள்.

“அம்மா, இவ்வளவு பேச்சு வேண்டாம். சார் தலையிலயும் துணை இருக்கு. எங்க எல்லாருக்கும் போட்ட அதே துணைதான்னு சொல்றார். அவரோட இடது டிரைவை மட்டும் நிறுத்திப் பார்க்கலாம். வலதுலேர்ந்து எழுந்துட்டார்னா நான் சொன்னது பொய். மனுவைத் திரும்ப வாங்கிக்கறேன்.”

கூடம் சலசலத்தது. பிரணவின் வக்கீல் பாய்ந்து எழுந்தார். பிரணவ் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

“எனக்கு ஆட்சேபணை இல்லைங்க. எப்ப வெச்சுக்கலாம்?” என்றார்.

ஷெரின் இதை எதிர்பார்க்கவில்லை. அவர் மறுப்பார், மறுப்பே ஒப்புதல் ஆகிவிடும் என்றுதான் கணக்குப் போட்டிருந்தாள். சம்மதித்துவிட்டார் என்றால் அவர் தன்னுடைய பச்சை டிக்கை உண்மையிலேயே நம்புகிறார். அப்படியானால் விழுவார். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதை நினைத்துக்கொண்டே போனாள். பயமாக இல்லை. பசித்தது. மூன்று வருடத்தில் முதல் தடவையாக வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

சோதனைக்கு நீதிபதி நிபந்தனை போட்டிருந்தார். மூச்சுக்கருவியோடு டாக்டர் நரேன் பக்கத்தில் இருக்க வேண்டும். பிரணவ் எழவில்லை என்றால் உடனே பூட் பகுதியை எழுத ஷெரின் தன் கருவியோடு தயாராக இருக்க வேண்டும். அதற்கு மட்டும் ஆணையம் சிறப்பு அனுமதி தந்தது.

வியாழக்கிழமை காலை கிளம்பும்போது ஷெரின் பையிலிருந்து அந்தக் கருவியை எடுத்தாள். அடுப்படி அலமாரியில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தாள். பையை மூடினாள்.

அவள் அவரைக் கொல்ல நினைக்கவில்லை. கிடக்க வைக்க நினைத்தாள். மூச்சுக்கருவி இருக்கும், மருந்து இருக்கும். பதினோரு நாள் கிடக்கட்டும். அவருடைய மனைவி காதோரம் உட்கார்ந்து பேசட்டும். அவருடைய ஆட்களே வந்து பச்சை டிக்கைக் காட்டட்டும். எழுப்ப வேண்டுமென்றால் துலங்கல்தான் அந்தத் துண்டை எழுத வேண்டும். எழுதினால் இத்தனை நாள் சொன்னது பொய் என்று ஆகும். எழுதாவிட்டால் அவர் எழ மாட்டார். எதைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் அவளுக்கு.

கூடத்தின் நடுவில் ஒரு சாய்வு நாற்காலி போட்டிருந்தார்கள். பிரணவ் சட்டைக் கையை மடித்துவிட்டுப் படுத்தார். நரேன் அவர் மார்பில் கம்பிகளை ஒட்டிவிட்டு ஷெரின் பக்கம் திரும்பினார்.

“கருவி ரெடியா?”

“ரெடி டாக்டர்” என்றாள்.

துலங்கலின் பொறியாளர் ஒருவர் இடது டிரைவை நிறுத்தினார். பிரணவின் கண்கள் பாதி மூடியபடி நின்றன. தாடை தளர்ந்தது. மூச்சு மட்டும் போய்வந்தது.

பத்து நொடி. இருபது. ஷெரின் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். முப்பது. பின்வரிசையில் யாரோ விசும்பினார்கள். எந்தக் குடும்பமோ, அந்த முகத்தை ஏற்கெனவே பார்த்தவர்கள். முப்பத்தைந்தாவது நொடியில் நரேன், “ஷெரின்...” என்றார். அவள் அசையவில்லை. அவள் கண் பிரணவின் முகத்தைவிட்டு நகரவில்லை. இப்படித்தான், இப்படியேதான் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நாற்பத்தோராவது நொடியில் பிரணவ் கண்ணைச் சிமிட்டினார்.

“பிரணவ். துலங்கல் தலைமைப் பொறியாளர். இன்னைக்கு வியாழக்கிழமை” என்றார். எழுந்து உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டார்.

நிறுவனத்தின் ஆட்கள் கைதட்டினார்கள். வக்கீல் எழுந்து, மனுவைத் தள்ளுபடி செய்ய வேண்டும், மருத்துவமனை ஊழியர் ஒருவர் மக்களிடையே பீதி கிளப்பியதற்கு நடவடிக்கை வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போனார். ஷெரினுக்கு எதுவும் காதில் விழவில்லை. மறுப்பார் அல்லது விழுவார் என்ற இரண்டைத் தவிர மூன்றாவதாக ஒன்று இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. நான் தப்பாகப் படித்துவிட்டேனா? அறுபத்து மூன்று பேரையும் தப்பாகப் படித்தேனா?

பிறகு, மெதுவாக, வேறொன்று தோன்றியது.

“அம்மா,” என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. இன்னொரு தரம் சொன்னாள். “அம்மா. சார் கையெழுத்துப் போட்ட சம்மதத்துல டிரைவைப் படிக்கறதும் அடக்கம். நான் ஒரு தடவை படிச்சுக்கறேன்.”

பிரணவ் தோளைக் குலுக்கினார். “படிக்கட்டும். டிக்தான் வரும்.”

அவள் துலங்கலின் டேப்லெட்டைத் தொடவில்லை. தன் மடிக்கணினியில் வலது டிரைவின் பட்டியலைத் திறந்து கூடத்தின் பெரிய திரையில் போட்டாள். முதல் வரியில் பூட் பகுதி இருந்தது. பூஜ்யம் இல்லை, நிறைய எழுத்து. பக்கத்தில், எழுதிய தேதியும் எழுதியவரின் அடையாள எண்ணும்.

“இடது டிரைவ்ல பூட் பகுதி எழுதின தேதி 2057 மார்ச். சாருக்குத் துணை பொருத்தின அன்னைக்கு” என்று படித்தாள். “வலது டிரைவ்ல எழுதினது 2061 ஆகஸ்ட் பத்து. எழுதினவரோட எண்...” வக்கீலின் முன்னால் இருந்த கோப்பை எடுத்து, ஒற்றை வரிப் பதிலின் கீழே கையெழுத்தோடு இருந்த அடையாள எண்ணைக் காட்டினாள். “இந்த எண்தான்.”

நீதிபதி கீர்த்தனா கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையையும் கோப்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

“மிஸ்டர் பிரணவ், ரெண்டு டிரைவும் பொருத்தறப்பவே சரியா இருந்துச்சுன்னு ஆறு அமர்வா சொல்றீங்க. அப்ப இது எதுக்கு, நாலு வருஷம் கழிச்சு?”

பிரணவ் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“ஒரு கேஸ் வந்துச்சு,” என்றார் கடைசியில். “எங்க பசங்க ஆஸ்பத்திரிலேர்ந்து டேட்டாவை அனுப்பினாங்க. எட்டாம் தேதி ராத்திரிக்குள்ள எனக்குப் புரிஞ்சு போச்சு. பதினோராயிரம் பேருங்க. வெளியில சொன்னா அத்தனை பேரும் மறுநாளே கழட்டுன்னு வந்து நிப்பாங்க. பயத்துலயே எத்தனை பேர் போயிருப்பாங்களோ. அந்த மாசம் வெளிநாட்டு அனுமதி வேற வர இருந்துச்சு. அடுத்த மாடல்ல சத்தமில்லாம சரி பண்ணிடலாம்னு...”

“உங்களுக்கு மட்டும் எந்த மாடல்ல சரி பண்ணீங்க?” என்றாள் ஷெரின்.

அவர் தன் வக்கீலின் பக்கம் திரும்பினார்.

“ஆகஸ்ட் பத்து, புதன்கிழமை. அன்னைக்கு நான் எங்க வீட்டுக்காரருக்கு நகம் வெட்டிவிட்டேன். நகம் வளர்ந்துக்கிட்டுதான் இருந்துச்சு. நீங்க உங்களுக்கு எழுதிக்கிட்டு, கையக் கழுவிட்டு, ஒரு போன் போட்டிருந்தா போதும். இன்னும் எட்டு நாள் இருந்துச்சு சார். நாலு நிமிஷ வேலை.”

நீதிபதி காவல் அதிகாரியைக் கூப்பிட்டு எதையோ தாழ்ந்த குரலில் சொன்னார். இரண்டு பேர் வந்து பிரணவின் பக்கத்தில் நின்றார்கள். அவர் சட்டைக் கையை இறக்கிப் பொத்தான் போட முயன்றார். பொத்தான் துளையில் சேராமல் வழுக்கிக்கொண்டே போயிற்று. ஷெரின் அதை முழுதாகப் பார்த்தாள். ஒரு பொத்தான்கூட விடாமல் பார்த்தாள். இனித்தது. அதை மறைக்க அவள் முயலவில்லை.

அப்போதுதான் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். பாலக்கரையைச் சேர்ந்த பரிதா. அவள் தந்தை காதர் மொய்தீன், எழுபது வயது, துணை போட்டவர், பின்வரிசையிலேயே உட்கார்ந்திருந்தார்.

“அம்மா, எங்க அத்தாவுக்கு நேத்து சாயங்காலத்துலேர்ந்து இடது டிரைவ் பழுதாகப் போகுதுன்னு பீப் அடிக்குது. கம்பெனில கேட்டா பத்து நாள் கழிச்சு வாங்கன்னுட்டாங்க. இப்பவே எழுதச் சொல்லுங்கம்மா.”

நீதிபதி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “ஆணையம் அனுமதி தருது. இங்க இருக்கற எல்லாருக்கும் எழுதலாம். ஷெரின், முதல்ல பெரியவருக்குப் போடுங்க. கருவியை எடுங்க.”

கூடம் முழுக்க அவளையே பார்த்தது. நரேன் நாற்காலியை நகர்த்தி இடம் செய்து கொடுத்தார்.

“என்கிட்ட இல்லை” என்றாள் ஷெரின்.

“என்னது?”

“வீட்டுல இருக்கு. கொண்டுவரல.”

நரேனின் முகம் மாறியதைப் பார்த்தாள். சாய்வு நாற்காலியையும் பிரணவையும் அவளையும் அவர் ஒரு சுற்றுப் பார்த்து முடிப்பதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது. போலீஸ்காரர்களுக்கு நடுவில் நின்ற பிரணவுக்கும் புரிந்தது. கை அனிச்சையாக வலது காதுக்குப் பின்னால் போயிற்று.

“நான் எழலைன்னா?” என்றார்.

“கிடந்திருப்பீங்க” என்றாள்.

நிற்க நேரமில்லை. வெளியே ஓடி ஆட்டோ பிடித்தாள். பொன்மலைப்பட்டி போய்த் திரும்ப நாற்பது நிமிடம். அவள் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் கையை நீட்டிய நேரத்துக்குச் சற்று முன்னால் சுற்றுலா மாளிகையில் காதர் மொய்தீனின் பீப் நின்று, இடது டிரைவ் ஓய்ந்திருந்தது. திரும்பி வந்தபோது அவர் அந்தச் சாய்வு நாற்காலியில் கண்கள் பாதி திறந்தபடி கிடந்தார். நரேன் மூச்சுக்கருவியைப் பிடித்துக்கொண்டிருந்தார். பரிதா தந்தையின் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

ஷெரின் மண்டியிட்டு வலது காதுக்குப் பின்னால் கருவியை வைத்தாள். நாலு நிமிடம். ஜெரோமுக்குச் செய்ய வேண்டியிருந்த வேலையை அவள் கை முதல் தடவையாகச் செய்தது. ஐந்தாவது நிமிடம் பெரியவர் இருமினார். சுற்றிலும் இருந்த முகங்களைப் பார்த்து, “என்னம்மா, எல்லாரும் சாப்பிட்டாச்சா?” என்றார்.

பரிதா அவர் நெஞ்சில் முகத்தைப் புதைத்து அழுதாள். பிறகு நிமிர்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு ஷெரினைப் பார்த்தாள்.

“அக்கா, நீங்க அதை எடுத்துட்டு வந்திருந்தா எங்க அத்தா விழுந்திருக்கவே மாட்டாரு, இல்ல?”

“ஆமா” என்றாள் ஷெரின்.

அன்று கூடத்தில் துணை போட்டிருந்த இருபத்தாறு பேருக்கும் எழுதி முடித்தாள். நரேன் பக்கத்திலேயே நின்று உதவினார். வேலைக்கு வேண்டிய சொற்களைத் தவிர ஒன்றும் பேசவில்லை. எல்லாரும் போன பிறகு நீதிபதியின் உதவியாளர் வந்து ஷெரினை அறைக்குள் அழைத்துப் போனார்.

நீதிபதி கீர்த்தனா களைத்திருந்தார். முன்னால் அன்றைய நடவடிக்கைக் குறிப்பு விரிந்திருந்தது.

“உக்காருங்க. இன்னைக்கு நீங்க செஞ்சதை என்னால மூணு மாசமா செய்ய முடியல. பதினோராயிரம் பேருக்கும் உடனே எழுதணும்னு உத்தரவு போட்டுட்டேன். பிரணவ் மேல வழக்கு வரும். தப்ப மாட்டார்.” குறிப்பின் மேல் விரலை வைத்தார். “ஆனா சோதனை விதிமுறை மீறல் ஒண்ணு இருக்கு. கருவி. அதை நான் எழுதாம விட முடியாது.”

“தெரியும்மா.”

“ஒரு வரி எழுதிக்கறேன். ‘பதற்றத்தில் கருவியை வீட்டிலேயே மறந்து வந்துவிட்டார்.’ வெறும் கண்டிப்போட முடிஞ்சிடும். நாளைக்கும் நீங்க வேலைக்குப் போகலாம். என்ன சொல்றீங்க?”

ஷெரின் அந்தத் தாளைப் பார்த்தாள். வரி ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தது.

“மறக்கலம்மா. பையிலேர்ந்து எடுத்து வெச்சுட்டு வந்தேன். டாக்டர்கிட்ட இருக்குன்னு பொய் சொன்னேன். அப்படியே எழுதுங்க.”

“அப்படி எழுதினா உரிமம் போகும். வழக்கும் வரலாம்.”

“வரட்டும்மா. சரியா இருக்கு, சரியா இருக்குன்னு எழுதின தாளை நான் நிறையப் பார்த்தாச்சு.”

நீதிபதி தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார். கீழே புதிதாக எழுதத் தொடங்கி, பாதியில் நிமிர்ந்தார்.

“வருத்தம் தெரிவிச்சதா போடட்டுமா? அதுக்கு ஒரு இடம் இருக்கு இதுல.”

“அந்தப் பெரியவருக்காகப் போடுங்க” என்றாள் ஷெரின். “அவருக்கு மட்டும்.”